கெம்ப்டனில் ஒரு தாண்டு பந்தய நாள்: ஜெயிக்கும் குதிரையை எப்படிக் கணிக்கிறார்கள்?

லண்டனில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். டிசம்பர் 26 அன்று அலுவலக நண்பர்களோடு கெம்ப்டன் பார்க் போகிறாராம். சின்ன வயதில் அப்பாவோடு கிண்டியில் ரேஸ் பார்த்த பழக்கம் உண்டு. ஆனால் இங்கே குதிரைகள் வேலி தாண்டி ஓடுவதால் தனக்குத் தெரிந்த கணக்கு எதுவும் ஒத்துவரவில்லை என்கிறார். "அன்றைய எல்லா ரேஸுக்கும் ஜெயிக்கக்கூடிய குதிரையை முன்கூட்டியே எப்படிப் பொறுக்குகிறார்கள்? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?" என்பது கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஜெயிக்கும் வாய்ப்பு எந்தக் குதிரைக்கு அதிகம் என்பது ஒன்று. எந்தக் குதிரைக்குக் கொடுக்கும் ஆட்ஸ், அதாவது ஜெயித்தால் கட்டிய பணத்துக்கு எத்தனை மடங்கு லாபம் என்ற விகிதம், அதன் உண்மையான வாய்ப்பைவிடத் தாராளமாக இருக்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் ஃபேவரிட்தான், அதாவது ஆட்ஸ் மிகக் குறைவாக உள்ள குதிரை. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிரிட்டனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு ரேஸை ஃபேவரிட்களே ஜெயிக்கின்றன. உழைப்பு கேட்பது இரண்டாவது கேள்வி. நான் பந்தயப் பணம் வாங்கும் ஒரு புக்மேக்கர் நிறுவனத்தில் பல வருடம் தாண்டு பந்தயங்களுக்கு முதல் ஆட்ஸ் போடும் பிரிவில் இருந்தவன். ஓடப்போகும் குதிரைகளின் பட்டியல் வந்ததும், வெளியில் யாரும் பணம் கட்டுவதற்கு முன்பே, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று எழுதித் தரவேண்டும். அந்தப் பழக்கத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன். ஒரு நாளில் ஏழு ரேஸ் இருந்தால், உருப்படியான கருத்து சொல்ல முடிவது இரண்டில், மிஞ்சிப்போனால் மூன்றில். எந்த ரேஸை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பதே கணிப்பு வேலையின் பெரும்பகுதி.

கிண்டியில் பார்த்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு ரேஸ் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். குதிரைகள் கேட்டுக்குள் நின்று கிளம்பும், எந்த எண் கேட் என்பது பெரிய விஷயம். தாண்டு பந்தயத்தில் குறைந்த தூரமே ஏறக்குறைய 2 மைல். கேட் கிடையாது, ஒரு நாடாவுக்குப் பின்னால் கூட்டமாக வந்து நின்று கிளம்புவார்கள். அதனால் 'டிரா', அதாவது எந்த எண் கேட் கிடைத்தது என்பது பற்றிய கவலையை அடியோடு மறந்துவிடலாம். தடைகள் இரண்டு வகை. ஹர்டில் என்பது குறைந்தது மூன்றரை அடி உயரம், இடித்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சேஸ் ரேஸில் வருகிற வேலி குறைந்தது நாலரை அடி, இடித்தால் அது குதிரைக்குத்தான் ஆபத்து. ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை காயடிக்கப்பட்ட ஆண் குதிரைகள். இனப்பெருக்கத்துக்குப் போக வேண்டியதில்லை என்பதால் அதே குதிரை வருடா வருடம் திரும்பி வரும். கணிப்பவருக்கு இது பெரிய வசதி. மூன்று வயதுக் குதிரையின் நாலைந்து ஓட்டங்களை வைத்து ஊகிப்பதற்குப் பதிலாக, பத்து வயதுக் குதிரையின் இருபது, முப்பது ஓட்டங்கள் கையில் இருக்கும். அது எந்தத் தரையில் ஓடும், எந்தப் பக்கம் திரும்பப் பிடிக்காது, எங்கே தளரும் எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

அந்தப் பதிவைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது தரை. மழை பெய்து ஊறிய தரைக்கும் காய்ந்த தரைக்கும் உள்ள வித்தியாசம் தாண்டு பந்தயத்தில் எல்லாவற்றையும் புரட்டிப் போடும். ஹெவி, சாஃப்ட், குட் டு சாஃப்ட், குட் என்று இறங்குவரிசையில் சொல்வார்கள். குளிர்காலத்தில் இந்த நான்குக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். மூன்று மைல் சேற்றில் ஓடும் குதிரைக்குக் கால் தூக்கும் ஒவ்வொரு முறையும் கூடுதல் வேலை. அதற்கென்றே உடல்வாகு உள்ள குதிரைகள் உண்டு, அந்த வேலையை வெறுக்கும் குதிரைகளும் உண்டு. ஆகவே கடைசி மூன்று ஓட்டங்களில் எத்தனையாவது வந்தது என்று பார்ப்பதைவிட, இதே தரையில் இதுவரை என்ன செய்திருக்கிறது என்று பார்ப்பது பல மடங்கு பயன் தரும். கடைசி மூன்றிலும் சேற்றில் தோற்ற ஒரு குதிரை, நல்ல தரை கிடைத்ததும் வேறு குதிரையாகிவிடும். கூட்டம் கடைசி மூன்றை மட்டும் பார்த்து அதற்குப் பெரிய ஆட்ஸ் விட்டுவைத்திருக்கும். எனக்குத் தெரிந்தவரை சாதாரண ரசிகருக்குத் திறந்திருக்கும் மிகப் பெரிய வாசல் இதுதான்.

இதற்கும் விதிவிலக்கு உண்டு, அதுவும் மிகப் புகழ்பெற்ற விதிவிலக்கு. டெசர்ட் ஆர்க்கிட் என்ற சாம்பல் குதிரைக்கு வலப்பக்கம் திரும்பும் மைதானங்கள்தான் பிடிக்கும், கனத்த சேறு ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். 1989-இல் செல்ட்டனம் மைதானத்தில் கோல்ட் கப் என்ற பெரிய சேஸ் ரேஸ் நடந்த அன்று தரை சேறாகிக் கிடந்தது, மைதானமோ இடப்பக்கம் திரும்புவது. அப்படியும் யாஹூ என்ற குதிரையைக் கடைசி ஏற்றத்தில் முந்தி அது ஜெயித்தது. மனத்திடம் என்று ஒன்று இருக்கிறது, அதை எந்தப் பட்டியலிலும் போட முடியாது. ஆனால் அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டு, பிடிக்காத தரையில் ஓடும் குதிரைகள் மேல் தொடர்ந்து பணம் வைத்தால் பணம் போய்விடும்.

அடுத்தது மைதானத்தின் வடிவம். இங்கே கெம்ப்டனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைய முக்கிய ரேஸான கிங் ஜார்ஜ் சேஸின் சரித்திரமே ஒரு பாடம். 1937-இல் தொடங்கியது, 1947-இலிருந்து கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடக்கிறது. 3 மைல், 18 வேலி. கெம்ப்டன் தட்டையான மைதானம், முக்கோணம் மாதிரி வலப்பக்கம் திரும்பும், தண்ணீரும் நன்றாக வடியும். செல்ட்டனத்தில் 3 மைல் ஓடுவது என்றால் மேடு பள்ளம் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு ஏற்றத்தில் மூச்சு வாங்க வேண்டும். கெம்ப்டனில் அந்த ஏற்றம் கிடையாது. அதனால் 'இது இரண்டு மைல் குதிரை, மூன்று மைல் தாங்காது' என்று எல்லோரும் ஒதுக்குகிற வேகக் குதிரைகள் இங்கே தாங்கிவிடுகின்றன. 1986-இல் டெசர்ட் ஆர்க்கிட் ஓடியபோது அதன்மேல் இதே சந்தேகம் இருந்தது. ஒன்றுக்கு 16 கிடைத்தது, அதாவது ஒரு பவுண்ட் கட்டினால் 16 பவுண்ட் லாபம். முன்னால் ஓடி, தனியாக ஜெயித்தது. பிறகு 1988, 1989, 1990 என்று இன்னும் மூன்று முறை. 2003-இல் எட்ரடான் ப்ளூ, இரண்டு மைல் ரேஸ்களுக்குப் பேர்போன பதினோரு வயதுக் குதிரை, ஒன்றுக்கு 25 என்ற ஆட்ஸில் ஜெயித்தது. ஐந்து முறை இந்த ரேஸை ஜெயித்த காட்டோ ஸ்டார் கூட, சாண்டவுனில் நடக்கும் டிங்கிள் க்ரீக் என்ற இரண்டு மைல் ரேஸை ஜெயிக்கும் அளவு வேகம் உள்ள குதிரை. எனவே கிங் ஜார்ஜில் இரண்டரை மைலில் சிறப்பாக ஓடிய குதிரை ஏதாவது இருக்கிறதா, தூரம் தாங்காது என்ற சந்தேகத்தால் மட்டும் அதன் ஆட்ஸ் பெரிதாக இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தரை நன்றாக இருந்தால்தான் இது செல்லும். அந்த வாரம் பலத்த மழை பெய்து தரை ஊறிவிட்டால், தாக்குப்பிடிக்கும் குதிரைகளின் பக்கம் கணக்கு சாயும்.

தரைக்கும் வடிவத்துக்கும் அடுத்து நான் அதிக நேரம் செலவிடுவது ரேஸின் வேகம் எப்படி அமையும் என்பதில். புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் விட்டுவிடும் விஷயம் இது. குதிரைகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் வழக்கமாக எங்கே ஓடும் என்று குறித்துக்கொள்ளுங்கள்: முன்னால், நடுவில், பின்னால். முன்னால் ஓடுகிற பழக்கமுள்ளது ஒன்றே ஒன்றுதான் என்றால், அது தன் இஷ்டப்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு, வேலிகளைத் தன் தாளத்தில் தாண்டிக்கொண்டு போகும். அதைப் பிடிப்பது கஷ்டம். அப்படிப்பட்டவை இரண்டு மூன்று இருந்தால், ஒன்றையொன்று துரத்தி எல்லாம் சேர்ந்து களைத்துப்போகும்.

கிங் ஜார்ஜில் அடுத்தடுத்த இரண்டு வருடங்கள் இதை அப்படியே காட்டின. 2020-இல் ஃப்ரோடான் என்ற குதிரை, ப்ரையனி ஃப்ராஸ்ட் என்ற ஜாக்கியோடு, முன்னால் தொந்தரவே இல்லாமல் ஓடி ஒன்றுக்கு 20 என்ற ஆட்ஸில் ஜெயித்தது. இந்த ரேஸை ஒரு பெண் ஜாக்கி ஜெயித்தது அதுவே முதல் முறை. மறு வருடம் அதே ஃப்ரோடான், அதே மைதானம், அதே ஜாக்கி. ஆனால் இந்த முறை கோல்ட் கப் ஜெயித்த மினெல்லா இண்டோ பக்கத்திலேயே வந்து நெருக்கியது. இரண்டும் மிதமிஞ்சிய வேகத்தில் போய்க் கடைசியில் தளர்ந்துவிட்டன. பின்னால் பொறுமையாக வந்த டோர்னாடோ ஃப்ளையர் ஒன்றுக்கு 28-இல் ஜெயித்தது. 2024-இல் இல் எஸ்ட் ஃப்ரான்ஸே என்ற குதிரை முன்னால் பாய்ந்து பாய்ந்து தாண்டிக்கொண்டு போனபோது மைதானமே எழுந்து நின்றது. கடைசி நேரத்தில் பான்பிரிட்ஜ் அதைப் பிடித்துவிட்டது. முன்னால் தனியாக ஓடினாலும் வேகத்தை அளவோடு வைத்திருக்க வேண்டும் என்பதற்கு அது உதாரணம். இதில் எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்? யாருக்கு முன்னால் ஓடும் பழக்கம் என்பது உறுதி. அன்றைக்கு அந்த ஜாக்கிகள் அப்படித்தான் ஓட்டுவார்கள் என்பது ஊகம். பயிற்சியாளர் முந்தின இரவு மனம் மாறி 'பின்னால் பிடித்து வா' என்று சொல்லிவிட்டால் நமக்குத் தெரியப்போவதில்லை.

இனி தாண்டும் திறமை. ரேஸ் அட்டையில் குதிரையின் பெயருக்கு முன் சில எண்களும் எழுத்துகளும் இருக்கும். எண் என்றால் எத்தனையாவது வந்தது. எழுத்துகளைப் பிரித்துப் படிக்க வேண்டும். எஃப் என்றால் குதிரை விழுந்தது. யு என்றால் ஜாக்கி கீழே விழுந்தார், குதிரை விழவில்லை. தமிழில் 'பி' என்று ஒலிக்கும் எழுத்து இரண்டு உண்டு: P என்றால் ஜாக்கியே நிறுத்திவிட்டார், B என்றால் முன்னால் விழுந்த வேறொரு குதிரை இதை இடறிவிட்டது. கடைசியாகச் சொன்னது குதிரையின் குற்றமே அல்ல. ஆனால் அவசரமாகப் பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் கெட்ட எழுத்தாகத் தெரியும். ஒரு குதிரை எங்கே விழுந்தது என்பதும் முக்கியம். முதல் சுற்றில் நிதானமான வேகத்தில் விழுந்தால் அது தாண்டும் குறை. கடைசி வேலியில் களைத்துப்போய் விழுந்தால் அது தூரம் தாங்காத குறையாகவும் இருக்கலாம்.

எவ்வளவு நன்றாகப் படித்தாலும் விழுவதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. கெம்ப்டனிலேயே அதே டிசம்பர் 26 அன்று நடக்கும் கிறிஸ்துமஸ் ஹர்டிலை 2022, 2023, 2024 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்த குதிரை கான்ஸ்டிட்யூஷன் ஹில். 2025 மார்ச்சில் செல்ட்டனம் சாம்பியன் ஹர்டிலுக்குப் போனபோது அது ஒரு ரேஸிலும் தோற்றிருக்கவில்லை. இரண்டு பவுண்ட் கட்டினால் ஒரு பவுண்ட் லாபம் என்ற அளவுக்கு ஃபேவரிட். ஐந்தாவது ஹர்டிலில் விழுந்தது. அடுத்த பெரிய பெயரான ஸ்டேட் மேன் தனியாக முன்னால் வந்து, கடைசி ஹர்டிலில் விழுந்தது. ஒன்றுக்கு 25 ஆட்ஸில் இருந்த கோல்டன் ஏஸ் ஜெயித்தது. அடுத்த மாதம் எய்ன்ட்ரீ மைதானத்தில் கான்ஸ்டிட்யூஷன் ஹில் மறுபடியும் விழுந்தது. முதல் விழுகையை விபத்து என்று விடலாம். நெருக்கமாக இரண்டாவது வந்துவிட்டால், அந்தக் குதிரைக்கு நான் எழுதும் சதவீதம் தானாக இறங்கும். 2023 கிங் ஜார்ஜில் நடந்தது இன்னும் கொடுமை. ஷிஷ்கின் முன்னணியில் இருந்தபோது, வேலியைத் தாண்டி இறங்கிய பிறகு கால் இடறி ஜாக்கியை உதறிவிட்டது. ஹெவிக் என்ற குதிரை ஜெயித்தது. ஒரு காலத்தில் 850 யூரோவுக்கு வாங்கப்பட்ட குதிரை அது! இந்த விளையாட்டை நான் இவ்வளவு நேசிப்பதற்கு அது மாதிரியான குதிரைகள் பெரிய காரணம்.

குளிர்காலத்துக்கே உரிய இன்னொரு விஷயம் சூரியன். டிசம்பர் மாத மதியத்தில் சூரியன் மிகத் தாழ்வாக இருக்கும். ஜாக்கிகளின் கண்ணை நேராகக் கூசவைக்கும் வேலிகளை அன்று தவிர்த்துவிட்டு ஓடச் சொல்வார்கள். வேலிகள் குறைந்தால் சுமாராகத் தாண்டுகிற, ஆனால் வேகமான குதிரைக்குச் சாதகம். வானம் தெளிவாக இருந்தால் இதையும் மனதில் வையுங்கள். குதிரைகளின் கண்ணைப் பற்றியே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். முன்பு தடைகளில் ஆரஞ்சு நிறக் குறிகள் இருக்கும். குதிரைகளுக்கு அந்த நிறம் தெளிவாகத் தெரிவதில்லை என்று எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு காட்டிய பிறகு, பிரிட்டனில் அதை வெள்ளைக்கும் பளிச்சென்ற மஞ்சளுக்கும் மாற்றினார்கள்.

கிங் ஜார்ஜ், கிறிஸ்துமஸ் ஹர்டில் மாதிரியான பெரிய ரேஸ்கள் போக, அன்றைக்கு ஹேண்டிகேப் ரேஸ்களும் இருக்கும். எல்லாக் குதிரைக்கும் சம வாய்ப்பு வரும்படி எடையை மாற்றிக் கொடுப்பது ஹேண்டிகேப். நீங்கள் கிண்டியில் பார்த்த ரேஸ்களிலும் இது இருந்திருக்கும், உங்களுக்குப் புரியும். 140 ரேட்டிங் (திறமைக்கு அதிகாரிகள் கொடுக்கும் மதிப்பெண்) உள்ளது 130 ரேட்டிங் உள்ளதைவிட 10 பவுண்ட் கூடுதலாகச் சுமக்கும். மூன்று மைல் அளவில் ஒரு பவுண்ட் எடை ஏறக்குறைய ஒரு லெங்த் (ஒரு குதிரையின் நீளம்) என்பது தோராயக் கணக்கு. தரை கனத்தால் மாறும். இங்கே தேட வேண்டியது ரேட்டிங் இன்னும் பிடித்துவிடாத குதிரையை. புது ரேட்டிங் செவ்வாய்க்கிழமைதோறும் வரும். அதற்குள் ஒரு குதிரை பிரமாதமாக ஜெயித்துவிட்டு உடனே மறுபடி ஓடினால், ரேட்டிங் எவ்வளவு ஏறும் என்று பாராமல், முன்பே நிர்ணயித்த கூடுதல் எடையை மட்டும் சுமந்துகொண்டு ஓடும். அனுபவம் குறைந்த ஜாக்கிகளுக்கு எடைச் சலுகையும் உண்டு: 20 வெற்றி வரை 7 பவுண்ட், 40 வரை 5, 75 வரை 3. கையில் திறமை இருந்து வெற்றி எண்ணிக்கை மட்டும் இன்னும் சேராத இளம் ஜாக்கி அந்த 7 பவுண்ட் சலுகையோடு ஒரு நல்ல குதிரையில் ஏறினால், அது கவனிக்க வேண்டிய சேர்க்கை. ஆனாலும் பதினாறு குதிரை ஓடும் ஹேண்டிகேப்பில் ஒரே ஒரு பெயரைச் சொல்லி அடித்துப் பேசுகிறவரை நம்பாதீர்கள். நல்ல கணிப்பில்கூட அந்த முதல் குதிரைக்கு நான் 15 சதவீதத்துக்கு மேல் எழுதுவது அரிது.

அனுபவம் குறைந்த குதிரைகளுக்கான நாவிஸ் ரேஸ்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பதிவு குறைவு, முன்னேற்றம் வேகமாக இருக்கும், பயிற்சியாளருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. ரசித்துப் பாருங்கள், பணத்தைப் பையில் வையுங்கள்.

சின்னச் சின்ன அறிகுறிகள் சில உண்டு. மூச்சுக்குழாய் அறுவை சிகிச்சை செய்துகொண்ட குதிரை முதல் முறை ஓடும்போது அதை அட்டையில் குறிக்க வேண்டும் என்பது 2018-இலிருந்து விதி. சில குதிரைகள் அதற்குப் பிறகு நன்றாக முன்னேறும், சில துளியும் மாறாது. அதை ஆதரவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவே காரணமாகக் கூடாது. கண்ணுக்கு மறைப்பு முதல் முறையாகப் போடுவதும் அப்படியே. பயிற்சியாளரின் குதிரைகள் கடைசி இரண்டு வாரம் எப்படி ஓடுகின்றன என்பதை இதைவிட அதிகம் மதிக்கிறேன். லாயத்தில் சளி, வைரஸ் பரவியிருந்தால் எல்லாக் குதிரையும் சேர்ந்து மந்தமாகும். ஒரே லாயத்திலிருந்து இரண்டு குதிரை ஓடினால் முதன்மை ஜாக்கி எதில் ஏறுகிறார் என்று எல்லோரும் பார்ப்பார்கள். அதுவும் தப்பாத குறி அல்ல. 2025 கிராண்ட் நேஷனலில் வில்லி மல்லின்ஸ் என்ற பயிற்சியாளரின் லாயத்து முதன்மை ஜாக்கி பால் டவுனெண்ட், முந்தின வருடம் ஜெயித்த ஐ ஆம் மாக்ஸிமஸில் ஏறி இரண்டாவது வந்தார். ஜெயித்தது அதே லாயத்தின் நிக் ராக்கெட், ஆட்ஸ் ஒன்றுக்கு 33, ஓட்டியவர் பயிற்சியாளரின் மகன் பேட்ரிக்.

சரி, இவ்வளவும் பார்த்து முடித்த பிறகுதான் ஆட்ஸைப் பார்க்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். ஆட்ஸை முதலில் பார்த்தால் உங்கள் மனம் அதற்கேற்றபடி காரணம் தேட ஆரம்பித்துவிடும். ஒன்றுக்கு 4 என்றால் அதற்கு 20 சதவீத வாய்ப்பு என்று பொருள், ஒன்றுக்கு 2 என்றால் 33. ஏழு குதிரைகள் 2, 3, 4, 6, 10, 12, 20 என்ற ஆட்ஸில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சதவீதங்களைக் கூட்டினால் 100 வராது, சுமார் 114 வரும். அந்தக் கூடுதல் 14 புக்மேக்கரின் பங்கு. கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் நீங்கள் ஏறக்குறைய அந்த அளவு பின்னால்தான் தொடங்குகிறீர்கள். ஆகவே நீங்கள் 25 சதவீதம் என்று நினைக்கிற குதிரைக்கு ஒன்றுக்கு 5 கிடைத்தால் அதை எடுக்கலாம். அதே குதிரைக்கு ஒன்றுக்கு 2 என்றால், ஜெயிக்கும் என்று எவ்வளவு தோன்றினாலும் விட்டுவிடுவதே சரி. அது ஜெயித்துவிட்டாலும் விட்டது சரிதான். இதை மனம் ஏற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும்.

வெற்றிக்கும் இடத்துக்கும் சேர்த்து வைக்கிற ஈச் வே பந்தயத்தில் ஒரு விவரம்: சாதாரண ரேஸில் எட்டு குதிரை ஓடினால் வழக்கமாக முதல் மூன்று இடத்துக்குப் பணம் உண்டு. காலையில் ஒரு குதிரை விலகி ஏழானால் இரண்டு இடத்துக்குத்தான். எட்டுப் பேர் ஓடும் ரேஸில் இப்படி வைக்க நினைத்தால், விலகல்கள் முடிந்த பிறகு வையுங்கள்.

அலுவலகக் கூட்டம் போகும்போது யாராவது ஒருவர் நாலு ஃபேவரிட்டைச் சேர்த்து ஒரே பந்தயமாகக் கட்டலாம் என்று நிச்சயம் சொல்வார். 2015 செல்ட்டனத்தின் முதல் நாளில் நாடே அதைத்தான் செய்தது. ரூபி வால்ஷ் ஓட்டிய வில்லி மல்லின்ஸ் குதிரைகள் நான்கு: டூவான், அன் டி ஸோ, ஃபாகீன், ஆனி பவர். முதல் மூன்றும் ஜெயித்துவிட்டன. ஆனி பவர் முன்னால் வந்து கடைசி ஹர்டிலில் விழுந்தது. அந்த ஒரு விழுகையில் புக்மேக்கர்களுக்கு மிஞ்சியது பல கோடி பவுண்ட் என்று அன்று பத்திரிகைகள் எழுதின. ஒவ்வொரு ரேஸிலும் புக்மேக்கரின் அந்தக் கூடுதல் பங்கு இருக்கிறது. நான்கைச் சேர்த்தால் நான்கு பங்கும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருகுகிறது. பந்தயக் கடைகள் அதை ஏன் இவ்வளவு விளம்பரப்படுத்துகின்றன என்பதற்குக் காரணம் அதுதான். அன்றைக்கு எவ்வளவு போனால் பரவாயில்லை என்று வீட்டிலேயே முடிவுசெய்து, அதை டிக்கெட், சாப்பாட்டுச் செலவோடு சேர்த்துக் கணக்கெழுதிவிடுங்கள். போனதைப் பிடிக்கக் கடைசி ரேஸில் இரட்டிப்பாக வைத்தவர்களின் பந்தயங்கள் என் திரையில் வந்துகொண்டே இருக்கும். அந்த வேலையில் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்த நேரம் அது.

இப்போது உங்கள் நாளுக்கு வருவோம். ஓடப்போகும் குதிரைகளின் இறுதிப் பட்டியல் வழக்கமாக முந்தின நாள் காலை 10 மணிக்கு முடிவாகும். கிறிஸ்துமஸ் வாரத்தில் அது இன்னும் முன்னதாகவே வந்துவிடும். பட்டியல் வராமல் நான் பெயர் சொன்னால் அது வெறும் வாய்ப்பேச்சு. வந்ததும் கிங் ஜார்ஜையும் ஆட்கள் குறைவான ஒரு ஹேண்டிகேப்பையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் இந்தத் தரையில் எப்படி, வலப்பக்கம் திரும்பும் தட்டையான மைதானத்தில் எப்படி, எங்கே ஓடும், தாண்டுமா என்று நாலு வரி எழுதுங்கள். ஒத்துவராததை அடித்துக்கொண்டே வந்தால் மூன்றோ நாலோ மிஞ்சும். அவற்றுக்கு உங்கள் சதவீதத்தை எழுதிவிட்டு, அப்புறம் ஆட்ஸைத் திறந்து பாருங்கள். காலையில் தரை அறிவிப்பை மறுபடி பார்த்து, மாறியிருந்தால் கணக்கையும் மாற்றுங்கள். உறைபனி இறங்கினால் ரேஸே நடக்காமல் போகலாம். 2010-இல் கிங் ஜார்ஜ் அப்படித்தான் தள்ளிப்போய் 2011 ஜனவரியில் நடந்தது, லாங் ரன் ஜெயித்தது.

மைதானத்தில் ரேஸுக்கு முன் குதிரைகள் வட்டமாக நடக்கும் இடத்துக்குக் கட்டாயம் போங்கள். அங்கே பார்த்து ஜெயிக்கிற குதிரையைச் சொல்லிவிட முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் குளிரிலும் கழுத்தும் தொடையிடுக்கும் நுரை தள்ளி வேர்த்து, நிலைகொள்ளாமல் துள்ளுகிற குதிரையை விலக்க அது உதவும். ஒரு ரேஸையாவது திரையை விட்டுவிட்டு வேலிக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். அரை டன் எடையுள்ள குதிரைகள் கூட்டமாக வந்து எழும்பும் சத்தம் தொலைக்காட்சியில் வராது. கெம்ப்டனுக்கென்று தனி ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் டிசம்பர் 26 அன்று அந்தத் தடத்தில் ரயில் ஓடுவது வழக்கமில்லை, போக்குவரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் வந்தவுடன் உங்கள் நாலு வரிக் குறிப்புகளை இங்கேயே போட்டால், எதை அடித்திருக்க வேண்டும், எதை அவசரப்பட்டு அடித்துவிட்டீர்கள் என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.